கருத்தடை மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால்

கருத்தடை மாத்திரைகளில் இரண்டு மூன்றையோ, சில வேளைகளில் ஓர் அட்டை முழுவதையுமோ ஒரே சமயத்தில் விழுங்கிவிட்டவர்கள் முதலில் கேட்பது, ‘உயிருக்கு ஆபத்து உண்டா?’ என்பதுதான். மருந்தாளுநராகப் பணிபுரியும் என்னிடம் இந்தக் கேள்வி பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் வருகிறது. வேறு எந்த மாத்திரையைப் பற்றிக் கேட்பவர்களும் இவ்வளவு தயங்குவதில்லை. அந்தத் தயக்கத்தால் மருத்துவ உதவி தாமதமாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மாத்திரையில் இருப்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் ஹார்மோன்கள் மட்டுமே என்றால், ஒரே தடவையில் அவற்றை அதிகமாக உட்கொண்டதால் உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது. ஆயினும் மாத்திரையில் வேறென்ன கலந்திருக்கிறது, அதனுடன் வேறென்ன விழுங்கப்பட்டது, விழுங்கியவர் யார், எதற்காக விழுங்கினார் என்பவை தெரிந்த பிறகுதான் நிம்மதி அடையலாம்.

காத்திருக்கவே கூடாத நிலைமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். விழுங்கியவர் மயங்கிவிட்டாலோ, எழுப்ப முடியாத அளவுக்கு உறக்கத்தில் ஆழ்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, முகமும் உதடும் நாக்கும் வீங்கினாலோ, வாந்தியில் இரத்தம் தென்பட்டாலோ, எத்தனை மாத்திரைகள் என்று எண்ணிக்கொண்டிராமல் உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். விழுங்கியவர் சிறு குழந்தை என்றாலும், வேறு மாத்திரைகளும் சேர்ந்து விழுங்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும், தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தில் விழுங்கியிருந்தாலும், அறிகுறி ஏதும் தெரியாவிட்டால்கூட அப்போதே மருத்துவரையோ நச்சுத் தகவல் மையத்தையோ தொடர்புகொள்ள வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், அடுத்த வேலை அட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பது. பதற்றத்தில் பலர் அதைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள், அல்லது யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைக்கிறார்கள். மருத்துவருக்கு உங்கள் வாய்மொழியைவிட அந்த அட்டை அதிகம் சொல்லும். அட்டையைத் திருப்பி, கிழிந்திருக்கும் வெள்ளித்தாள் குழிகளை எண்ணுங்கள். இன்று வரை முறைப்படி சாப்பிட்டிருக்க வேண்டிய மாத்திரைகளை அந்த எண்ணிக்கையிலிருந்து கழித்தால், கூடுதலாகப் போனவை எத்தனை என்று தெரிந்துவிடும். கிழமைகளின் பெயரோ அம்புக்குறியோ அச்சிடப்பட்ட அட்டைகளில் இந்தக் கணக்கு இன்னும் எளிது. தரையில் உருண்டவற்றையும் படுக்கை விரிப்பின் மடிப்பில் சிக்கியவற்றையும் தேடி எடுத்துக் கணக்கில் சேருங்கள். பிறகு மாத்திரைகளின் நிறத்தைப் பாருங்கள். 28 மாத்திரைகள் கொண்ட அட்டைகள் பலவற்றில் 21 மட்டுமே ஹார்மோன் உள்ளவை. வேறு நிறத்தில் இருக்கும் கடைசி 7 மாத்திரைகளில் ஹார்மோன் இருப்பதில்லை; சில நிறுவனங்களின் அட்டைகளில் அவை வெறும் மாத்திரைகள், வேறு சிலவற்றில் இரும்புச்சத்து மாத்திரைகள். எந்த நிறத்தில் எத்தனை குறைகின்றன என்பதைப் பொறுத்தே அடுத்து எடுக்க வேண்டிய முடிவு மாறும். மாத்திரையின் பெயர், அதிலுள்ள மருந்துகளின் அளவு, விழுங்கிய நேரம், விழுங்கியவரின் வயது, உடல் எடை, அவர் வழக்கமாக உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தால், மறுமுனையில் இருப்பவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

ஹார்மோனால் பெரும் ஆபத்து இல்லை என்று சொல்வதற்கு அடிப்படை என்னவென்று சிலர் கேட்பார்கள். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள் என்ற ஐயம் அவர்களுக்கு இருக்கலாம். இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையைக் கூட்டு மாத்திரை என்பார்கள். பரவலாகப் பயன்படுத்தப்படும் அத்தகைய ஒரு மாத்திரையில் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனும் 150 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டினும் இருக்கின்றன. 21 மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்கினால்கூட உள்ளே போகும் ஈஸ்ட்ரோஜன் 0.63 மில்லிகிராம்தான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 3.15 மில்லிகிராம், அதாவது பாதுகாப்பற்ற உறவுக்குப் பிறகு சாப்பிடும், 1.5 மில்லிகிராம் அளவுள்ள அவசர கருத்தடை மாத்திரை இரண்டில் இருப்பதைவிடச் சற்றே அதிகம். சில வலிப்பு நோய் மருந்துகளையும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினையும் உட்கொள்ளும் பெண்களுக்கு, அந்த மருந்துகள் ஹார்மோனை விரைவாகச் சிதைத்துவிடும் என்பதால், அவசர கருத்தடைக்காக 3 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலை ஒரே வேளையில் மருத்துவர்களே கொடுப்பதுண்டு.

வரலாற்றைப் பார்த்தாலும் இது விளங்கும். அமெரிக்காவில் 1960இல் கருத்தடைக்காக ஒப்புதல் பெற்ற முதல் மாத்திரையான எனோவிட்டில், இன்றைய மாத்திரைகளில் இருப்பதைப்போலப் பல மடங்கு ஹார்மோன் இருந்தது. அதைப் பெண்கள் நாள்தோறும் உட்கொண்டார்கள். நாள்தோறும் அவ்வளவு ஹார்மோன் சேர்ந்ததால் இரத்தம் உறையும் ஆபத்து கூடியது. அதனால்தான் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1970களில் கனடா மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே அறிமுகப்படுத்திய அவசர கருத்தடை முறையில், சாதாரணக் கருத்தடை மாத்திரைகளையே நான்கு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் நான்கு என்று மருத்துவர்கள் கொடுத்துவந்தார்கள். ஆகவே அரை நாளுக்குள் எட்டு மாத்திரைகள் என்பது ஒரு காலத்தில் முறையான சிகிச்சையாகவே இருந்தது. அந்த முறையையும் லெவோநார்ஜெஸ்ட்ரலை மட்டும் கொடுக்கும் முறையையும் ஒப்பிட்டு உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 1998இல் வெளியானது. யூஸ்பே முறையைப் பின்பற்றிய பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் குமட்டலும், ஐந்தில் ஒருவருக்கு வாந்தியும் ஏற்பட்டதாக அதில் பதிவாகியிருக்கிறது. அதிக மாத்திரைகளை விழுங்கியவர் எதிர்பார்க்க வேண்டிய தொல்லையும் ஏறக்குறைய இதுதான்.

விழுங்கிய சில மணி நேரத்தில் குமட்டல் தொடங்கலாம். வாந்தி, வயிற்றுவலி, தலைவலி, தலைச்சுற்றல், சோர்வு, தூக்கக் கலக்கம், மார்பகங்களில் வலி ஆகியவை அடுத்த ஓரிரு நாட்களுக்கு இருக்கலாம். சில நாட்களுக்குப் பிறகு பிறப்புறுப்பிலிருந்து உதிரப்போக்கு ஏற்படலாம். திடீரென்று உயர்ந்த ஹார்மோன் அளவு திடீரென்று இறங்கும்போது கருப்பையின் உட்படலம் கழன்று வெளியேறுவதுதான் இது. வழக்கமாக மாத்திரைகளை நிறுத்தும் வாரத்தில் நடப்பதும் இதே செயல்தான். இன்னும் பூப்பெய்தாத சிறுமி விழுங்கியிருந்தால் அவளுக்கும் இப்படி உதிரம் வரக்கூடும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆணோ சிறுவனோ விழுங்கினால் குமட்டலும் வாந்தியும் வரலாம். ஒரு தடவை விழுங்கியதால் உடலில் பெண்தன்மை தோன்றிவிடாது.

உதிரப்போக்கைக் கண்டு அஞ்சி, அதை நிறுத்துவதற்கான டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைத் தாமாகவே வாங்கி விழுங்குபவர்களும் உண்டு. ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளுடன் அது சேரும்போது இரத்தம் உறைந்து குழாய்களை அடைக்கும் ஆபத்து கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. உதிரம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கினை முழுவதும் நனைக்கும் அளவுக்குச் சில மணி நேரம் தொடர்ந்தாலோ, வாரத்தைக் கடந்தும் நிற்காவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், இதுவரை கண்டிராத கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல் ஆகியவை இரத்தம் உறைந்ததற்கான அடையாளங்களாக இருக்கலாம். மாத்திரையை அளவாகச் சாப்பிடுபவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். புகைபிடிக்கும் 35 வயதைக் கடந்த பெண்களும், கண்ணில் ஒளிக்கீற்று தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும், முன்பே இரத்த உறைவு ஏற்பட்டவர்களும் இவற்றில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவற்றில் முதன்மையானது, விரலை விட்டோ உப்புக்கரைசலைக் குடிக்கவைத்தோ வாந்தி எடுக்கச் செய்வது. இந்த ஹார்மோன்களுக்காக அப்படிச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. ஆனால் உப்புக்கரைசலால் இரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் உயிரிழக்கும் அளவுக்கு நிலைமை முற்றக்கூடும். உண்மையில் ஆபத்தில்லாத ஒன்றுக்கு உயிரைப் பறிக்கும் வைத்தியம் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. வாந்தியைத் தூண்டும் இபிகாக் பாகையும் வீடுகளில் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003இலேயே அறிவித்துவிட்டது. வயிற்றில் உள்ள மருந்தை ஈர்த்துக்கொள்ளும் மருத்துவக் கரித்தூளைக் கொடுப்பதா என்பதை மருத்துவமனையில் முடிவு செய்வார்கள். வீட்டில் செய்ய வேண்டியதெல்லாம் வாயில் மிச்சமிருக்கும் மாத்திரையைத் துப்பச் செய்வது, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுப்பது, தூக்கக் கலக்கம் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து அருகிலேயே இருப்பது ஆகியவைதான். ஹார்மோன்களுக்கென்று தனியாக முறிமருந்து எதுவும் இல்லை; மருத்துவமனையிலும் குமட்டலுக்கு மருந்து கொடுப்பார்கள், நீரிழப்பு ஏற்பட்டிருந்தால் அதைச் சரிசெய்வார்கள்.

குழந்தைகளின் விஷயத்தில் ஹார்மோனைவிட இரும்புச்சத்துதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அட்டையின் கடைசி வரிசையில் உள்ள மாத்திரைகளை ‘வெறும் மாத்திரைதானே’ என்று பலரும் அலட்சியமாக நினைக்கிறார்கள். அவற்றில் ஒவ்வொன்றிலும் 75 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்பு உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே தனி இரும்பு என்பதால், ஒரு மாத்திரையில் 25 மில்லிகிராம், ஏழிலும் சேர்த்து 175 மில்லிகிராம் இரும்பு இருக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தை ஏழையும் விழுங்கினால் கிலோவுக்கு 17.5 மில்லிகிராம் ஆகிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டும்போது வயிற்றுத் தொல்லைகள் தொடங்குகின்றன. 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரே அட்டை என்றால் எல்லைக்குச் சற்று உள்ளே நிற்கிறது. இரண்டு மூன்று அட்டைகள் என்றாலோ, இரும்பின் அளவு அதிகமுள்ள மாத்திரை என்றாலோ, வீட்டில் இருக்கும் வேறு இரும்புச்சத்து மாத்திரைகளும் போயிருந்தாலோ எல்லை தாண்டிவிடும். இரும்பு நச்சின் போக்கும் ஏமாற்றக்கூடியது. முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு, பிறகு குழந்தை தேறிவிட்டதைப் போன்ற ஓர் இடைவேளை வரும். அதன் பின்னர்தான் இரத்த அழுத்தம் சரிவதும் கல்லீரல் பாதிக்கப்படுவதும் நிகழ்கின்றன. இரும்பைக் கரித்தூளால் ஈர்த்துக்கொள்ளவும் முடியாது. டெஸ்ஃபெரியாக்ஸமின் என்ற முறிமருந்து மருத்துவமனையில்தான் கிடைக்கும். எனவே இரும்பு கலந்த அட்டை என்றால், எண்ணிக்கையை நச்சுத் தகவல் மையத்திடம் சொல்லி அவர்கள் கணக்குப் பார்க்கும் வரை, வாந்தி நின்றுவிட்டது என்பதை நம்பி உறங்கப் போகாதீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொரு பெயர் டிராஸ்பைரினோன். இந்தப் புரோஜெஸ்டின் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் இயல்புடையது. சிறுநீரகக் கோளாறோ அட்ரீனல் சுரப்பிக் கோளாறோ உள்ளவர்களும், ஸ்பைரனோலாக்டோன், சில வகை இரத்த அழுத்த மாத்திரைகள், நாள்தோறும் வலிநிவாரணிகள் ஆகியவற்றை உட்கொள்பவர்களும் இந்த வகை மாத்திரையை அதிகமாக விழுங்கிவிட்டால், இரத்தத்தில் பொட்டாசியம், சோடியம் அளவுகளைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பொட்டாசியம் மிகையானால் இதயத் துடிப்பு தடம் புரளக்கூடும்.

அதிகமாக விழுங்க நேர்வதற்கான காரணங்களில் மிகச் சாதாரணமானது மறதி. காலையில் சாப்பிட்டதை மறந்து இரவில் மீண்டும் சாப்பிட்டுவிட்டால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மறுநாள் வழக்கமான நேரத்தில் அடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் போதும். ‘நேற்று இரண்டு போனதே, இன்று ஒன்றை விட்டுவிடலாம்’ என்று நினைப்பதுதான் தவறு. கூடுதல் ஹார்மோன் மறுநாளுக்குக் கணக்கில் வைக்கப்படுவதில்லை. இதற்கு நேர்மாறான இன்னொரு பழக்கமும் உண்டு. நான்கைந்து நாட்கள் மாத்திரையை விட்டுவிட்டு, நினைவு வந்ததும் விட்டவை அனைத்தையும் ஒன்றாக விழுங்குகிறார்கள். கூட்டு மாத்திரைகளைப் பொறுத்தவரை, ஒன்றை மட்டும் தவறவிட்டிருந்தால் நினைவு வந்தவுடன் அதைச் சாப்பிட வேண்டும். ஒரே நாளில் இரண்டு சாப்பிட நேர்ந்தாலும் பாதகமில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறியிருந்தால், கடைசியாகத் தவறவிட்ட ஒன்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அதற்கு முந்தியவற்றை ஒதுக்கிவிட்டு, மீதி அட்டையைத் தொடர வேண்டும். தொடர்ந்து ஏழு நாட்கள் மாத்திரை உள்ளே போகும் வரை ஆணுறையும் தேவை. விட்டவற்றை மொத்தமாக விழுங்கினால், போன நாட்களின் பாதுகாப்பு திரும்பக் கிடைக்காது, வாந்தி வந்து இன்றைய மாத்திரையும் வீணாகிவிடும்.

அவசர கருத்தடை மாத்திரையை நம்பிக்கைக் குறைவால் இரண்டு மூன்று முறை விழுங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். பெரும்பாலானவர்களுக்கு 1.5 மில்லிகிராம் போதும். அதற்கு மேல் விழுங்கினால் பலன் கூடாது, குமட்டலும் மாதவிடாய்த் தேதியின் குழப்பமும்தான் கூடும். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் மட்டும் மறுபடி ஒன்று சாப்பிட வேண்டும். யூலிப்ரிஸ்டல் என்ற வகையைச் சாப்பிட்டவர்கள் அதன் மேல் வழக்கமான கருத்தடை மாத்திரைகளை உடனே விழுங்கக் கூடாது. புரோஜெஸ்டின் அதன் செயலைக் குறைத்துவிடும் என்பதால் ஐந்து நாட்கள் இடைவெளி தேவை.

கரு உருவாகிவிட்டது என்ற அச்சத்தில், அதைக் கலைப்பதற்காக அட்டை முழுவதையும் விழுங்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருத்தடை மாத்திரையால் உருவான கருவைக் கலைக்க முடியாது. எத்தனை விழுங்கினாலும் கரு தங்கிவிட்டால் தங்கியதுதான். சில நாட்களில் வரும் உதிரப்போக்கை வைத்துக் கரு கலைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாமல், கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பமாக இருப்பது தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுவந்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை என்பது, அந்தக் கர்ப்பத்தைத் தொடர விரும்புபவர்களுக்கு ஆறுதலான செய்தி. தொடர விரும்பாதவர்கள் நாட்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்வதே பாதுகாப்பு. கருக்கலைப்புக்கான மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் முற்றிலும் வேறு மருந்துகள். அவற்றை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தால் இந்தப் பதிவில் உள்ள ஆறுதல் எதுவும் பொருந்தாது. நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வாழ்வு வெறுத்துப்போய் விழுங்கியவர் இதைப் படிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இப்போதே அருகில் இருக்கும் ஒருவரை அழைத்து, ‘நான் மாத்திரைகளை விழுங்கிவிட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கருத்தடை மாத்திரைகள் பெரும் கேடு செய்யாது என்று நான் எழுதியதை வைத்து, நடந்தது சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வேதனை சிறியதல்ல, அதற்கும் சிகிச்சையும் துணையும் உண்டு. அருகில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கையில் கிடைத்ததையெல்லாம் விழுங்கும் நேரத்தில் கருத்தடை மாத்திரையோடு பாராசிட்டமாலும் போயிருக்கக்கூடும். பாராசிட்டமால் நச்சு முதல் நாளில் பெரிதாக எதையும் காட்டாமல் கல்லீரலைச் சிதைக்கும். அதற்கான அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து, விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் முழுப் பலன் தரும். அதனால் அவர் நன்றாக எழுந்து நடமாடினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். வழியில் கேள்விகளால் துளைக்காமல், கடிந்துகொள்ளாமல், கையைப் பிடித்துக்கொண்டு உடன் இருங்கள்.

உடல் தேறிய பிறகு கருத்தடையை எப்படித் தொடர்வது என்பதைப் பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஏதோ பெரிய தவறு நேர்ந்துவிட்டதாக எண்ணி மாத்திரையையே நிறுத்திவிடுபவர்கள் சில வாரங்களில் எதிர்பாராத கர்ப்பத்தோடு வந்து நிற்பதும் உண்டு. ஓரிரு மாத்திரைகள் மட்டும் கூடுதலாகச் சாப்பிட்டவர், அதே அட்டையைத் தொடர்ந்து, முடிவில் குறையும் மாத்திரைகளைப் புதிய அட்டை ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நிறம் நிறமாக வெவ்வேறு அளவில் ஹார்மோன் உள்ள அட்டையாக இருந்தால் எந்த நிறத்திலிருந்து எடுப்பது என்று மருந்தாளுநரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறைய மாத்திரைகள் போய், வாந்தியும் எடுத்திருந்தால், எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். தொடங்கிய பின் ஏழு நாட்கள் தடையின்றி மாத்திரை சாப்பிடும் வரை ஆணுறையைப் பயன்படுத்துங்கள். குமட்டல் நின்றுவிட்டது, ஆனால் அடுத்த மாதவிடாய் உரிய நாளில் வரவில்லை என்றால், கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவு கொண்ட நாளிலிருந்து மூன்று வாரங்கள் கழித்து ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துபாருங்கள். அதற்கு முன்பு செய்து ‘இல்லை’ என்று வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வாரம் முடிந்ததும் மீண்டும் ஒரு முறை செய்யுங்கள்.